பன்னிரண்டாம் சானலில் தமிழ்

நிரஞ்சினி ட்ரக்டர் ஓட்டுவாள் என்றால் அவள் குடியிருக்கும் டார்னெய்ட்டில் பாதிப் பேர் நம்புவதில்லை. கோயிலில் கண்டால் அவ்வளவு அடக்கம். ஒக்டோபர் பிறந்துவிட்டால் அந்த அடக்கத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, கணவன் சுதர்சனோடும் மகள் மயூராவோடும் கரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவாள். கோதுமை வடக்கில் முதலில் முற்றும், பிறகு கிழமைக்குக் கிழமை தெற்கே இறங்கிவரும். அதற்குப் பின்னாலேயே டேரல் என்பவனின் கூலி அறுவடைக் குழுவும் இறங்கிவரும். நியூ சவுத் வேல்ஸ் மொரியில் தொடங்கி, விக்டோரியாவின் ஹோர்ஷமில் முடிப்பார்கள். மூன்று அறுவடை இயந்திரம், ஏழு பேர். அதில் தமிழர் இவர்கள் மட்டும்தான்.

அகதியாகப் படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் வெரிபீப் பக்கத்து மரக்கறித் தோட்டமொன்றில் முட்டைக்கோவா வெட்டினவள் அவள். ட்ரக்டர் ஓட்ட ஆளில்லாத ஒரு நாளில் ஏறி உட்கார்ந்தவள்தான், பிறகு இறங்கவில்லை. இப்போது அவளுடைய வேலை, சுதர்சன் ஓட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தொட்டியை இழுத்துக்கொண்டு போவது. அவன் நிற்காமல் அறுத்துக்கொண்டு போவான், குழாயால் தானியம் கொட்டும், அவள் ஏந்த வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கோதுமை நிலத்தில் போய்விடும். கலியாணம் கட்டிப் பதின்மூன்று வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போனது அங்கே மட்டும்தான்.

ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் ஒருவரோடொருவர் பேச ரேடியோ இருக்கும், எல்லாம் பன்னிரண்டாம் சானலில். வேலைப் பேச்சு ஆங்கிலத்தில் போகும். வீட்டுப் பேச்சை இவர்கள் தமிழில் போடுவார்கள். டேரலின் வயிறு, சுதர்சனின் தங்கை கலாவின் வாய், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கறி, எல்லாம் அந்தச் சானலில் ஓடும். விளங்க ஒருவருமில்லை. நாலு பேருக்கு நடுவில் நின்று ரகசியம் பேசுகிற சுகம் அது, சண்டை பிடிக்கவும் வசதி. டேரல் அதற்குத் ‘தமிழ் நியூஸ்’ என்று பெயர் வைத்திருந்தான்.

மயூரா வயல் ஓரத்தில் நிற்கும் கரவனுக்குள் இருந்து லப்டொப்பில் பாடம் படிப்பாள். அவளிடமும் ஒரு கைரேடியோ இருந்தது. பாம்பு வந்தாலும் புகை மணத்தாலும் கூப்பிட வேண்டும் என்று நிரஞ்சினி வாங்கிக் கொடுத்தது. என்ன நடந்தாலும் அதை ஓஃப் பண்ணக்கூடாது என்பது கட்டளை. பிள்ளை ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். “அவளுக்குத் தமிழ் பெரிசா விளங்காது” என்று நிரஞ்சினி தானே பலரிடம் சொல்லியிருக்கிறாள். குறையாகத்தான் சொன்னாள், ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன வருடம் மார்கழியில் ஹோர்ஷமில் மூன்று நாள் மழை. தானியத்தில் ஈரம் இருந்தால் களஞ்சியத்தில் எடுக்கமாட்டார்கள், காயும்வரை காவலிருக்க வேண்டும். நாலாம் நாள் வெயில் வந்தது, அடுத்த மழையும் பின்னால் வருகிறது என்றார்கள். எல்லோரும் பேய் பிடித்தவர்கள் போல ஓட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மயூரா கூப்பிட்டாள். இன்டர்நெட் வேலை செய்யவில்லையாம். பிறகு, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். பிறகு சும்மா கூப்பிட்டாள். நாலாம் தரம் நிரஞ்சினி மைக்கை எட்டி எடுத்த நேரத்தில் ட்ரக்டர் விலகிவிட்டது. கோதுமை பொலபொலவென்று நிலத்தில் கொட்டியது.

பின்னால் அடுத்த இயந்திரத்தில் வந்தவன் ரேடியோவில் சிரித்தான். சுதர்சன், “என்ன நிரா, கண்ணை எங்க வச்சிருக்கிறீர்?” என்றான்.

அவமானம் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. “என்ர கண் இஞ்சதான் இருக்கு. உங்கட மகள்தான் நிமிசத்துக்கு ஒருக்காக் கூப்பிடுறாள். இவளைக் கட்டி இழுத்துக்கொண்டு திரியிறதே பெரிய கரைச்சல். கலா மச்சாளிட்ட விட்டிட்டு வந்திருந்தா நான் நிம்மதியா வேலை செய்திருப்பன்.”

“சரி சரி, விடும்” என்றான் அவன். அடுத்த சுற்று வருவதற்குள் அவள் அதை மறந்தும்விட்டாள். மனதில் இருந்து வந்த பேச்சா அது? பிள்ளையை மல்கிரேவில் கலாவோடு விட்டுவிட்டுப் போகலாம் என்று சுதர்சன் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். அதன்பிறகு அன்று முழுக்கக் கரவனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இன்டர்நெட் வந்துவிட்டதாக்கும் என்று அவள் நினைத்தாள்.

நாலு நாள் கழித்து, சோற்றுக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மயூரா கேட்டாள். ஹைஸ்கூலுக்குக் கலா மாமி வீட்டிலிருந்து போகட்டுமா என்று. சுதர்சனுக்கு வாயெல்லாம் பல். கலாவுக்கு அதைவிடச் சந்தோசம். நிரஞ்சினிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஆனாலும், பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று கோயிலில் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டாள்.

மல்கிரேவுக்குப் போய்ப் பார்க்கும்போதெல்லாம் மயூரா நன்றாகத்தான் இருந்தாள். கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். அந்த மரியாதைதான் நிரஞ்சினியைத் தின்றது. சொந்தப் பிள்ளை தாயை விருந்தாளியைப் போலக் கவனித்தால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

இந்த வருடம் மொரியிலும் மழை. ஒரு காலை, ஈரம் காயட்டும் என்று எல்லோரும் சும்மா இருந்த நேரத்தில், அவள் கரவனுக்குள் இருந்து போன் எடுத்தாள்.

“பள்ளிக்கூட லீவுக்கு ஹோர்ஷமுக்கு வாறியா, பிள்ளை? பழைய இடந்தான். அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார்.”

மயூரா பதிலைத் தமிழில் சொன்னாள். “வேண்டாம் அம்மா. நீங்கள் நிம்மதியா வேலை செய்யுங்கோ.”

நிரஞ்சினிக்கு முதலில் வந்தது சந்தோசம். எவ்வளவு வடிவான தமிழ்! பிறகுதான் அது தன்னுடைய சொல் என்று தெரிந்தது.

“அண்டைக்கு... நீ கேட்டனியே?”

“ஓம்.”

“ரேடியோவிலயா?”

“நீங்கள்தானே, என்ன நடந்தாலும் ஓஃப் பண்ணாதை எண்டு சொன்னனீங்கள்.”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நிரஞ்சினி பிழைத்திருப்பாள். “அம்மா நினைச்சுச் சொல்லேல்லை, ராசாத்தி. வேலை அந்தரத்தில வாய் தவறி...” அழுகை வந்துவிட்டது. “ஐ நோ, அம்மா” என்றாள் மயூரா, பழையபடி ஆங்கிலத்தில். வகுப்புக்கு நேரமாகிறது என்று போனை வைத்தாள்.

வெயில் ஏறியது. டேரல் ஒரு கை கோதுமையின் ஈரத்தை அளந்து பார்த்து, ஓட்டலாம் என்றான். இயந்திரங்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. முதல் சுற்றிலேயே சுதர்சன் ரேடியோவில் கேட்டான். “நிரா, என்னவாம் பிள்ளை? வாறாளாமோ?”

கரவன் அங்கே வேலியோரம் பூட்டியபடி நின்றது. உள்ளே ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சானலில் தமிழ் பேச அவளுக்கு வாய் எழவில்லை. “நோ. நொட் கமிங்” என்றாள்.

இன்றைக்குத் தமிழ் நியூஸ் இல்லையா என்று டேரல் கேட்டான். அவள் வேகத்தைச் சரிபார்த்து, தொட்டியைக் குழாய்க்கு நேரே கொண்டுபோய்ப் பிடித்தாள். பொழுதுபடும்வரை அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. அன்று ஒரு கோதுமை மணிகூடக் கீழே சிந்தவில்லை.