அம்சவல்லியின் கையளவு

அம்சவல்லி குழம்பை ருசி பார்த்து நான் கண்டதில்லை. கல் உப்பை உள்ளங்கையில் எடுப்பாள், ஒரு குலுக்கு குலுக்குவாள், சட்டியில் போடுவாள், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு பேருக்கான ரசமானாலும், ஆடி மாசம் கோயிலில் ஊருக்கே ஆக்குகிற குழம்பானாலும் உப்பு கூடாது, குறையாது. மத்தியானம் உப்பளத்தில் எல்லோரும் சாப்பாட்டைத் திறக்கும்போது முதலில் காலியாவது அவள் தூக்குச்சட்டிதான். ஆளுக்கு ஒரு கரண்டி என்று வாங்கிக்கொண்டு போய்விட்டு, கடைசியில் அவளுக்கே மிஞ்சாது.

நான் வைஜெயந்தி. மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிற வழியில் இருக்கிற அங்கன்வாடியில் பத்தொன்பது வருஷமாக டீச்சர். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு, தண்ணீர் என்று ஆறு சத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுவரில் படம் வரைந்து மாட்டியிருக்கிறேன். கீரை, முட்டை, பருப்பு, மீன் எல்லாம் அதில் உண்டு. ஓரத்தில் சிவப்புக் கட்டம் போட்டு, 'குறைக்க வேண்டியவை' என்று எழுதியிருப்பேன்: எண்ணெய், சர்க்கரை, உப்பு. என் அறிவு அந்தச் சுவரைத் தாண்டவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அம்சவல்லி பிறந்தது மேற்கே ஒரு விவசாயக் கிராமத்தில். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அவள் அப்பா ஏர் ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆறு வருஷம் அவருக்கு ஊட்டியதும், துடைத்ததும், புரட்டிப் படுக்க வைத்ததும் இவள்தான். அவர் போன மறு வருஷம் கலியனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கலியன் உப்பளத்து ஆள். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையில் சேர்ப்பான். இவள் அதைக் கூடையில் சுமந்து குவியலில் கொட்டுவாள். இருபத்தாறு வருஷம் இப்படியே போனது. ஒரே மகள் கலைமதியைக் கீழ்புத்துப்பட்டில் கொடுத்துவிட்டார்கள்.

போன தை மாச ஆரம்பத்தில் எங்கள் அங்கன்வாடியில் மருத்துவ முகாம் நடந்தது. பேர் எழுதினது நான். கலியனுக்கு பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். "உப்பைக் குறைச்சிக்கணும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேணாம். கவனிக்காம விட்டா பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுடும்" என்றார் டாக்டர். பதினைந்து நாளில் மறுபடி காட்டவும் சொன்னார். தப்பில்லாத பேச்சு. ஆனால் அம்சவல்லிக்குக் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். அவள் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

அன்றைக்கே வீட்டில் இருந்த உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். குறைத்தால் நல்லது என்றால், நிறுத்தினால் இன்னும் நல்லதுதானே? அவள் கணக்கு அது. சோறு, குழம்பு, பொரியல், மோர் எதிலும் ஒரு கல் கிடையாது. "அவருக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணா?" என்று தானும் அதையே சாப்பிட்டாள். உப்பளத்தில் அவள் தூக்கை யாரும் தொடுவதில்லை. ஒரு நாள் வாங்கிச் சாப்பிட்ட சுப்ராயன் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு, "ஏம்பா கலியா, உப்பு போட்டுத்தான் சோறு துன்றியா நீ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். "இல்லப்பா, போடறதில்ல" என்று கலியனும் சிரித்தான்.

காலுக்குக் கீழே உப்பு, கண்ணுக்கு எட்டின வரை உப்பு. குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சோற்றில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? அதையும் அம்சவல்லி யோசித்திருந்தாள். அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அந்த மனுஷன் நாலு மாசம் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் சோற்றைத் தின்றான். பெண்டாட்டி தலைமேல் அடித்த சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை அவன். மீறியிருக்கலாம். இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம்தான்.

பங்குனியில் ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில் அம்சவல்லி என் வாசலில் நின்றாள். மேலதிகாரி வருகிறார் என்று நான் செல்போனில் பிள்ளைகளின் எடையை ஏற்றிக்கொண்டிருந்தேன். நெட் வராமல் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன்.

"டீச்சர், அவருக்கு உப்பைச் சுத்தமா நிறுத்திட்டேன். மாத்திரையும் கடையில வாங்கித் தவறாம குடுக்கிறேன். சரிதானுங்களே?"

"சரி, சரி. ரொம்ப நல்லது" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெயில் ஏறுது, தண்ணி மட்டும் நிறைய குடிக்கச் சொல்லு."

அவள் சந்தோஷமாகப் போனாள். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளை மாதிரி போனாள். முகாம் டாக்டர் மறுபடி வரச் சொன்னாரே, போனீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கத்திரி வெயில் வந்தது. உப்பளத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. சட்டை நனைந்து, காய்ந்து, வெள்ளை வெள்ளையாக வரி விடும். கலியன் என் பேச்சைக் கேட்டு, தண்ணீர் கேனைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குடித்தான். முதலில் தலைவலி என்றான். அப்புறம் குமட்டல். பாத்தி வரப்பில் நடக்கும்போது கால் இடறியது. பேசுகிற பேச்சு பாதியில் நின்றது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மேஸ்திரி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாழ்நாளில் குடிக்காத மனுஷன்.

அம்சவல்லிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தடுமாற்றமும் குளறலும் அவள் அப்பாவிடம் பார்த்தவை. பிரஷர்தான் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு துளி உப்பும் எங்கிருந்தும் உள்ளே போய்விடக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் கொடுத்த இட்லியைக்கூடத் திருப்பி அனுப்பினாள். அரிசியைக் களைந்து, கஞ்சி வைத்து, ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள். அவன் கேட்காதபோதும் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கலியனுக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்தாள்.

"வீட்ல உப்பு போட்டுத்தானே சாப்பிடுவாரு?"

அம்சவல்லி நிமிர்ந்து நின்றாள். "இல்லீங்க டாக்டர். நாலு மாசமா ஒரு கல்லு கூட போடல. என் தலைமேல சத்தியம் வாங்கிட்டேன்."

அந்த டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உப்பும் உடம்புக்கு ஒரு சத்துதாம்மா. நரம்பு வேலை செய்யறதுக்கு அது வேணும். அவரு வெயில்ல வேலை செஞ்சி வேர்வையில அத்தனையும் போயிருக்குது. அந்த மாத்திரையும் உப்பை வெளிய தள்ளற மாத்திரை. சாப்பாட்டுல திரும்ப வரல. வெறும் தண்ணியா குடிச்சதுல மூளை வீங்கிப் போயிருக்குது. குறைக்கச் சொன்னா, நிறுத்தறது இல்லம்மா."

'தண்ணி மட்டும் நிறைய' என்று சொன்னது என் வாய்தான்.

அம்சவல்லிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் முக்கியமான பாதி புரிந்துவிட்டது. "அப்ப இப்ப குடுத்துடலாங்களா? கரைச்சிக் கொண்டாரட்டுமா? ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று வாசல் பக்கம் திரும்பினாள். டாக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். உப்பு மருந்து பாட்டிலில் ஏறிக்கொண்டிருப்பதாகவும், அதை வேகமாக ஏற்றினால் ஆபத்து, மெதுவாகத்தான் ஏற்ற முடியும் என்றும் சொன்னாள்.

இரண்டு நாள் அம்சவல்லி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது உப்புத் தண்ணிதானுங்களே?" என்று வருகிற நர்ஸை எல்லாம் கேட்டாள். இருபத்தாறு வருஷமாகக் கூடை கூடையாகத் தலையில் சுமந்ததை அவன் உடம்புக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். கலியன் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

முப்பதாம் நாள் படையலுக்கு நானும் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். உறவுக்காரிகள், "நீ உக்காரும்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லியும் கேட்காமல் அம்சவல்லியே அடுப்பில் நின்றாள். அவனுக்குப் பிடித்தது கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. படைக்கிறதற்கு முன்னால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அவளுக்கு என்றைக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை. உள்ளங்கையில் உப்பை எடுத்தாள், போட்டாள். குலுக்கவில்லை. மறுபடி எடுத்தாள், போட்டாள். கலைமதி உப்பு ஜாடியை மெல்லத் தள்ளி வைத்தாள்.

படைத்துக் கும்பிட்டு முடித்து எங்களுக்கு இலை போட்டார்கள். முதல் கவளம் நாக்கில் பட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடல் தண்ணீரைக் கூட விழுங்கிவிடலாம். சுப்ராயன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். தண்ணீர் கேட்டு வாங்கி வாங்கிக் குடித்தான், மறுபடி சாப்பிட்டான். அம்சவல்லி குழம்புச் சட்டியோடு ஒவ்வொரு இலையாக வந்து என் முன்னால் நின்றாள்.

"உப்பு சரியா இருக்குதா டீச்சர்?"

"சரியா இருக்குது அம்சவல்லி" என்றேன்.

அவள் நகரவில்லை. குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கும் நீங்க இப்படித்தான் சொன்னீங்க."

பந்தியில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். இந்த முறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஜாஸ்தி. உப்பு ரொம்ப ஜாஸ்தி, அம்சவல்லி."

அவள் தலையாட்டினாள். "இருக்கட்டும் டீச்சர். அவருக்குன்னு போட்டது."

இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.