பூச்சாட்டுக்குள் வந்த நெஞ்சுவலி

என் மச்சான் சென்னியப்பனைப் போல முரண்டு பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரியின் அண்ணன். ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் கிணற்றுப் பாசனம், குச்சிக்கிழங்கு வெள்ளாமை. காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவரில்லை. வெயில் காலம் வந்துவிட்டால் ஊருக்கே வைத்தியர் மாதிரி ஆகிவிடுவார். காலையில் கம்பங்கூழும் மோரும் குடி, உச்சி வெயிலில் கிணற்றில் குதிக்காதே, வாசலில் வேப்பிலை கட்டு என்று வீடு வீடாகப் போய்ச் சத்தம் போடுவார். "இதுக்கு மாசச் சம்பளம் யாருங்க மச்சான் குடுக்கறாங்க?" என்று நான் சீண்டினால், "போங்க மாப்ள, உங்களுக்கு எப்பவும் கேலிதான்" என்று சிரிப்பார்.

அந்த ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, பங்குனியில் வரும். கோயிலில் அம்மனுக்குப் பூப்போட்டு, பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கிவிட்டால் ஊருக்குப் பதினைந்து நாள் கட்டு. மூன்று கவையுள்ள மரக்கிளையைக் கோயில் முன்னால் கம்பமாக நடுவார்கள். பெண்கள் விடிகாலையில் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரைக்கும் ஊர்க்காரர் ஒருவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அம்மை நோய் ஊர் ஊராக ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலத்தில், வெளியிலிருந்து அதை வாங்கி வரக்கூடாது என்று யாரோ புத்தியோடு போட்ட கட்டு அது என்று நினைக்கிறேன். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் என் மச்சான் அதைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே! முந்தின வருஷம் பச்சமுத்து என்பவன், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டதென்று மாமனார் ஊரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டான். அவனை ஈரத்துணியோடு கோயில் முன்னால் நிறுத்தி, ஊரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தவர் இவர்தான். கோயில் காரியம் எதற்கும் இவர்தான் முன்னால் நிற்பார்.

எழுபத்தொன்பதாம் வருஷம், பூச்சாட்டி நாலாம் நாள். காலையில் மோட்டார் போடப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சௌந்திரம் நாமகிரிப்பேட்டையில் இருந்த எனக்கு ஆள் அனுப்பினாள். நான் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு ஓடினேன். மச்சானுக்குச் சட்டையெல்லாம் வேர்வை, இடது கையைத் தூக்க முடியவில்லை. "வாயுப் புடிப்புங்க, கஷாயம் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார். அதட்டித்தான் வண்டியில் ஏற்றினேன்.

சேலத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் அட்டாக். பத்து நாளாவது கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட நடக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஊசி போட்டார்கள். வலி குறைந்தது. நானும் சௌந்திரமும் அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

வெயில் சாய ஆரம்பித்ததும் மச்சான் எழுந்து சட்டையைத் தேடினார்.

"மாப்ள, வண்டிய எடுக்கச் சொல்லுங்க. பொழுது எறங்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா மச்சான்? ஆத்தா உங்களைச் சாகவா சொன்னா?"

"பச்சமுத்துக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமுங்களா?"

"அன்னிக்கு நீங்க பண்ணுனதே தப்புத்தானுங்க!"

அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு மெல்லச் சொன்னார்: "நா இங்க தங்கி, அங்க ஒரு கொழந்தைக்கு அம்மை வந்துதுன்னா, அந்தப் பழிய என்னால தாங்க முடியாதுங்க மாப்ள."

சௌந்திரம் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இருங்க சாமி. ஊரு என்ன சொன்னாலும் நா கேட்டுக்கறேன். எனக்காவ இருங்க." மனிதர் அசையவில்லை. டாக்டர் திட்டித் தீர்த்தார். கடைசியில் மச்சான், தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவள் மடியில் தலைவைத்துப் படுத்தபடி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் எல்லைக்குள் வந்து சேர்ந்தார்.

ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. உசிரைவிடக் கட்டுதான் பெரிசு என்று வந்தாரே என்றார்கள். நான் ஊர்ப் பெரியவர்களிடம் போய், "ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுபடியும் கூட்டிட்டுப் போயர்றேன்" என்று கெஞ்சினேன். "அவரே கேக்கலியேங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

சௌந்திரம் உப்பில்லாமல் சமைத்துப் போட்டாள். மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்தாள். "நோம்பி முடியட்டும், மறுநாளே வந்து படுத்துக்கறேன்" என்று அவரும் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கம்பம் பிடுங்குவதற்கு முந்தின நாள், அந்த வெயிலில் போய் நின்று பந்தல் வேலையைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து மோர் கேட்டார். அவள் சொம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர்கள் வாசலில் நின்றார்கள். "கம்பம் நிக்குதுங்க. அது நிக்கறப்ப ஊருக்குள்ள பொணம் ராத்தங்கக் கூடாதுங்க. பொழுதுக்குள்ள எடுத்துறோணும். மேளம் வேண்டாம். சத்தம் போட்டு அழுகவும் வேண்டாமுங்க."

மச்சானுக்கு ஒரே மகள், கண்ணாத்தாள். மோகனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. நெஞ்சுவலி வந்ததை அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரே தடுத்திருந்தார். அவளுக்கு அப்போதுதான் ஆள் போயிருந்தான். "புள்ள வரட்டுமுங்க, காத்தால எடுக்கலாமுங்க" என்று வாய் திறந்து கேட்டவன் பச்சமுத்து ஒருத்தன்தான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை. நான் கத்தினேன்; வெளியூர்க்காரன் பேச்சு எடுபடுமா? சௌந்திரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் முட்டி முட்டி அழுதாள். அந்தக் கொடுமையை எந்த வீட்டிலும் பார்க்கக் கூடாது. பொழுது விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டைக் கழுவிவிட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கண்ணாத்தாள் வந்தாள். போன ஆள் நேராகச் சொல்ல மனமில்லாமல், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கினவளுக்குச் சாவு மேளம் கேட்கவில்லை. கோயிலில்தான் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார் என்று நினைத்து, ஆரஞ்சுப் பழப் பையோடு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். வாசலில் காலை வைத்தவுடனே, "எங்கப்பா எந்திரிச்சுட்டாருங்களா மாமா?" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கிளம்பி வந்தது முதல் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது? அவள் அழவில்லை. வெறும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியிலயே செத்திருந்தா, மொகத்தையாவது பாத்திருப்பனேங்க மாமா."