பதினான்கு பேரும் ஃபெயில்

எங்கள் தொடக்கப்பள்ளியில் மெதுவா டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். ஒரு டம்ளர் டீ குடிக்க அவருக்கு ஒரு பீரியட் வேண்டும். கணவர் பஸ் கண்டக்டர். "இவ கிளம்பி வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் ரெண்டு ட்ரிப் அடிச்சிருவேன்மா" என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். நான் நான்காம் வகுப்பு டீச்சர். எனக்குப் பொறுமை கிடையாது, இருப்பதாக நடிக்கவும் வராது. பிள்ளைகள் எனக்கு 'இடி' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வகுப்பில் வாசிக்கத் தடுமாறுகிற பதினான்கு பேர் காலை நேரம் முழுக்க மெதுவா டீச்சரிடம் இருப்பார்கள். உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்திருந்த அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்திருந்தார் பெரிய சார், அதாவது எங்கள் தலைமை ஆசிரியர். பருவத்துக்கு ஒருமுறை பெரிய சாரே வந்து வாசிப்புத் தேர்வு வைப்பார். பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் பத்து வரி இருக்கும். திக்காமல் வாசித்துவிட்டால் மறுநாளிலிருந்து நாள் முழுக்க என் வகுப்பு. வாசிக்காவிட்டால் அடுத்த பருவமும் அந்த அறைதான்.

மெதுவா டீச்சரின் பாடத்திட்டம் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் மாதம் புத்தகத்தையே திறக்க மாட்டார். வீட்டிலிருந்து எழுத்து இருக்கிற எதையாவது கொண்டுவரச் சொல்வார். சோப்பு உறை, தீப்பெட்டி, மாத்திரை அட்டை, பழைய பஸ் டிக்கெட் எல்லாம் வரும். மேஜைமேல் எது கிடந்தாலும் எடுத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். யாராவது தப்பாக வாசித்தால் "தப்பு" என்றே சொல்ல மாட்டார். "இன்னொரு தடவை பாப்போமா?" என்பார். ஒரு வரிக்கு அரை மணி நேரம்! ஜன்னல் வழியாகப் பார்க்கிற எனக்கே தலை வெடிக்கும்.

"ஏன்க்கா, இந்த வேகத்துல போனா இதுங்க காலேஜ் போறப்ப உங்களுக்கு நூறு வயசாயிருமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ரெண்டாங்கிளாஸையே ரெண்டு வருஷம் படிச்சவம்மா. அந்த கிளாஸ்ல எனக்கு டபுள் அனுபவம்" என்று சிரித்தார். அந்த மனுஷியிடம் சண்டை போடவும் முடியாது.

போன பருவத் தேர்வில் வந்தது வினை. முதலில் ரெட்டைப்பின்னல். வாயாடி, வகுப்பில் எல்லோரையும் ஆட்டிவைக்கிற பெண். அட்டையைப் பார்த்து "ப... ப..." என்றாள், அதற்கு மேல் நகரவில்லை. அடுத்து பம்பரம். ஓரிடத்தில் நிற்காத பயல், அன்றைக்குச் சிலையாக நின்று "கண்ணு கூசுது சார்" என்றான். ஒருத்தன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதிலே ஆழ்ந்து போனான். பதினான்கு பேரும் ஃபெயில். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவா டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சோப்பு உறையில பாடம் நடத்தினா நுரைதான் வரும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த அறைக்கு என்னை வரச்சொல்லி ஒரு தாளை நீட்டினார். "பெரிய சார்கிட்ட குடுக்கணும். தப்பு ஏதாவது இருக்கான்னு பாரும்மா."

ராஜினாமாக் கடிதம். அதையும் பிள்ளைகளுக்கு எழுதுகிற மாதிரி குண்டு குண்டான எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதியிருந்தார். "என்னக்கா இது? நான் ஏதோ வாய்த்துடுக்கா பேசினதுக்கா?" என்று தாளை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொன்னதுக்கு இல்லம்மா. பதினாலுல ஒண்ணாவது வாசிச்சிருக்கணுமே. எனக்குச் சொல்லிக்குடுக்க வரலை. இன்னொருத்தர் வந்தா அதுங்களாவது பொழைக்கும்."

அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். ரெட்டைப்பின்னல் வழக்கப்படி நேராக மேஜைக்கு வந்தாள். தாளை எடுத்தாள். சத்தமாக ஆரம்பித்தாள்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு. என்னிடம் படிக்கும் பதினான்கு குழந்தைகளில் ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. குறை அவர்களுடையது அல்ல, என்னுடையது. ஆகவே என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை, திணறவில்லை.

"நல்லா வாசிச்சேடா கண்ணு" என்றார் மெதுவா டீச்சர், பழக்கதோஷத்தில். பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

ரெட்டைப்பின்னலுக்கும் அப்போதுதான் வாசித்தது புரிந்திருக்க வேண்டும். "எங்களை விட்டுட்டுப் போறீங்களா டீச்சர்?" என்று ஓவென்று அழுதாள். பம்பரம் தாளைப் பிடுங்கி, முதலிலிருந்து வாசித்து அவனும் அழுதான். பின்னால் நின்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டி எட்டி வாசித்தார்கள். எல்லாரும் வாசிக்கிறார்கள்! எனக்கு வந்ததே கோபம்.

"அடிப்பாவி! இவ்வளவு நல்லா வாசிக்கிறவ நேத்து ஏண்டி ஊமைக்கோட்டான் மாதிரி நின்னே?"

அவள் மெதுவா டீச்சரின் சேலை மடிப்புக்குள் ஒதுங்கிக்கொண்டாள். "பாஸானா நாள் பூரா உங்க கிளாஸ்ல இருக்கணுமே டீச்சர்."

"அதனால?"

"நீங்க கத்துவீங்க. கத்தினா எனக்கு எழுத்தெல்லாம் மறந்துபோயிரும்."

மற்ற பதின்மூன்று தலைகளும் ஆமாம் என்று ஆடின. பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளை என்னைப் பற்றி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு நான் சும்மா இருந்ததும் இல்லை. அவமானமாக இருந்தது, உள்ளபடியே வலித்தது.

மெதுவா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவர் ஒரு காரியத்தை அத்தனை வேகமாகச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இனிமே தப்பா வாசிச்சா கத்த மாட்டீங்களா?" பம்பரம் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"கத்த மாட்டேன்."

"நிஜமா?"

"கத்த மாட்டேன்னு சொல்றேன்ல!"

ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோயிற்று. மெதுவா டீச்சர் என் முழங்கையைத் தொட்டு, "இன்னொரு தடவை பாப்போமா?" என்றார்.

மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சொன்னேன். நாலாவது தடவையில்தான் சரியாக வந்தது. பெரிய சார் அந்த வாரமே மறுதேர்வு வைத்தார். ஒன்பது பேர் பாஸாகி என் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். மற்ற ஐந்து பேரும் அட்டையைப் பார்த்து "ப... ப..." என்றார்களாம். ஜன்னல் வழியாக என்னைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு முடிவு சொல்கிறார்கள் போல.