அவள் ஆடும்போது நான் வெளியே நிற்பேன்

நான் வேலை செய்யும் கடை மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறது. தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. முதலாளியம்மா தாய்லாந்துக்காரர். ஆனால் சமையலறையில் நிற்கும் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். அடுப்பில் நிற்பவன் என்னைவிட வயதில் குறைந்தவன், வாய் ஓயாதவன். மரக்கறியும் இறைச்சியும் வெட்டுவது நான்.

முதலாளியம்மாவின் தங்கைக்கு ஒரு மகள். தாய்லாந்துக்காகப் பெண்கள் ஒற்றையர் பட்மின்டன் ஆடுகிறவள். ஆசியாவில் மாலையில் நடக்கும் ஆட்டம் எங்களுக்குக் காலையில் வரும், நாங்கள் வெங்காயம் உரிக்கும் நேரம். முதலாளியம்மா கைத்தொலைபேசியை மீன் சோஸ் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்ப்பார். அவள் இளையோர் போட்டிகளில் வென்று பெரியவர்களோடு ஆடத் தொடங்கிய காலத்தில் நான் இந்தக் கடையில் சேர்ந்தேன். முதலில் சில ஆட்டங்களை நானும் பார்த்தேன். இருபத்தொரு புள்ளி எடுத்தால் ஒரு செட், மூன்றில் இரண்டு செட் எடுத்தால் வெற்றி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்தக் கணக்குக்கு அது போதும்.

ஒரு நாள் அவள் முன்னணியில் இருந்து பின்தங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்றவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எட்டிப் பாக்கேக்கைதான் பிள்ளை வலையிலை அடிக்கிறாள்."

"சும்மா கதையாதை."

"சும்மா இல்லை. ஒருக்கா அங்காலை போய் நில்லுங்கோ, பாப்பம்."

வெங்காயச் சட்டியோடு பின்கதவுக்கு வெளியே போய் நின்றேன். அவள் வென்றுவிட்டாள். அவன் இதை முதலாளியம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ராசி பார்ப்பது அவர்கள் ஊரிலும் உண்டு போலிருக்கிறது. அடுத்த ஆட்டம் தொடங்கியபோது என்னை ஒரு முறை பார்த்தார். நான் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மழைக்கும் பனிக்கும் சாமான் அறைக்குள் நிற்பேன்.

எனக்கு அதில் மனக்குறை இருக்கவில்லை. நாலு பேர் நடுவில் நிற்பதைவிடத் தனியாக நிற்பது எனக்குச் சுலபம். அவளுடைய விளையாட்டு வாழ்க்கையை நான் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அறிந்தேன். அவள் தேசிய அணியில் சேர்ந்தாள். உலகத்தின் முதல் வரிசையில் இருந்த ஒருத்தியை ஒரு முறை வென்றாள். அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும் வாழைப்பழப் பொரியல் இலவசம். பிறகு ஒரு ஆட்டத்தில் குதித்து இறங்கியபோது முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவள் திரும்பி வந்தபோது அவளுடைய இடத்தில் வயது குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள். தரவரிசையில் இறங்கிவிட்டதால் பெரிய போட்டிகளுக்குள் போகவே தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. பல தடவை முதல் நாளே தோற்றாள். அப்படியான காலைகளில் அடுப்படியான் சட்டியை ஓசைப்படாமல் வைப்பான். நான் உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து வெட்டுவேன்.

இந்த வருடம் அவள் மொன்றியலுக்கு வந்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரி மண்டபத்தில் சிறிய சர்வதேசப் போட்டி. தரவரிசைப் புள்ளிகள் சேர்க்க இப்போது அவள் இப்படியான இடங்களுக்கெல்லாம் போகிறாள். தங்கியது பெரியம்மா வீட்டில். வந்த அன்றே அவள் தன் முடிவைச் சொல்லிவிட்டாளாம். முதல் ஆட்டத்தில் தோற்றால் இதோடு விட்டுவிடுவது, ஊருக்குப் போய்ப் பழைய பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. வென்றால் இன்னும் ஒரு வருடம் ஆடுவது.

முதலாளியம்மா இதைச் சமையலறையில் எங்களிடம் சொன்னார். எங்களோடு அவர் பேசுவது ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

"அவள் படி இறங்குவதைப் பார்த்தேன். கைபிடியைப் பிடித்துக்கொண்டு, கிழவி மாதிரி இறங்குகிறாள். இன்னும் ஒரு வருடம் ஆடினால் பிறகு நடக்கவே மாட்டாள்."

அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் கடையைப் பூட்டுவேன். நீ என்னோடு வா. முன்னால் இருந்து பார்."

அவர் போன பிறகு அடுப்படியான் நெருப்பைக் குறைத்தான்.

"விளங்குதே அண்ணை? உங்களைப் பாக்கச் சொல்லுறா."

"விளங்குது."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு உங்களுக்கும் ஒரு பதவி கிடைச்சிருக்கு."

"நீயும் வாவன்."

"ஐயோ, நான் வரமாட்டன். என்ரை ராசி நல்ல ராசி. நான் வந்தா அவள் வெண்டுபோடுவாள்."

மறுத்துச் சொல்ல எனக்கு வராது. அதோடு, அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

மண்டபத்தில் ஆட்கள் அதிகம் இல்லை. நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். நான் நினைத்ததைவிட அவள் சிறிய உருவம். வலது முழங்காலில் பட்டி சுற்றியிருந்தாள். எதிரே நின்ற பிள்ளை நெடியவள், இருபது வயது இருக்காது, குதித்துக் குதித்து அடித்தாள். முதல் செட் கெதியாக முடிந்தது. எங்கள் பிள்ளை தோற்றாள். முதலாளியம்மா கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

இரண்டாவது செட்டில் அவள் ஓடுவதைக் குறைத்துவிட்டாள். பெரிதாக அடிக்கப் போகிறவள் மாதிரி மட்டையை ஓங்குவாள், கடைசி நேரத்தில் பந்தை மெல்லத் தட்டுவாள். அது வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழும். நெடியவள் முன்னால் ஓடி வந்தால், அடுத்த பந்து அவள் தலைக்கு மேலால் பின்கோட்டுக்குப் போகும். இப்படி மற்றவளை ஓடவைத்து, தான் நடுவில் நின்று அந்த செட்டை எடுத்தாள். இத்தனை காலமும் கதவுக்கு வெளியே கேட்டதெல்லாம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வலையில் அடிக்கவில்லை.

மூன்றாவது செட் ஒன்றுக்கு ஒன்றாகவே போனது. பதினெட்டுக்குப் பதினெட்டு என்று நின்றபோது நெடியவள் ஒரு பந்தை உயரத் தூக்கினாள். எங்கள் பிள்ளை பின்னுக்குப் போய், அந்த நாளில் முதல் தடவையாகக் குதித்து அடித்தாள். புள்ளி அவளுக்குத்தான். ஆனால் இறங்கிய கால் மடங்கிவிட்டது. இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். நடுவர் ஏதோ கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்தாள்.

என் சட்டைக்கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். முதலாளியம்மாதான். கண் ஆடுகளத்தை விட்டு அசையவில்லை.

"அண்ணை. வெளியாலை போங்கோ. கெதியா."

இத்தனை வருடமாகச் சமையலறையில் எங்களிடமிருந்து பொறுக்கிய தமிழ். அவர் என்னை அண்ணை என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

எழுந்து, குனிந்தபடி மற்றவர்களின் முழங்கால்களைத் தாண்டிப் போனேன். பந்தைப் போடத் தயாராக நின்றவள் ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எழுந்து போனவன் நான் ஒருவன்தான்.

நடைவழியில் ஒரு சோடா இயந்திரம் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றேன். கைதட்டல் கேட்டது, ஓய்ந்தது, பிறகு நீளமாகக் கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மா வெளியே வந்து சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். அழுதிருந்தார்.

"வென்றாளா?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். மூக்கைத் துடைத்தார். "இன்னும் ஒரு வருடம்."

திரும்பும்போது முதலாளியம்மா கார் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் பின்சீட்டில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்.

"என் ஆட்டம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா?"

முதலாளியம்மா தாய்லாந்து மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். எந்த அளவுக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது, முன்வரிசையில் என்னை இருத்திய காரணத்தைச் சொன்னாரோ இல்லையோ. பிறகு அவள் சிரித்தாள். சிரித்து முடித்து, நாளைக்குப் பதினொரு மணிக்கு அடுத்த ஆட்டம், எதிராளி பலமான ஆள், நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள்.

"நாளைக்கு அவருக்கு வேலை," என்றார் முதலாளியம்மா. "கடையை அவர்தான் திறக்க வேண்டும்."

கடையை எப்போதும் திறப்பவர் முதலாளியம்மாதான். கடைத் திறப்பு என் கையில் இருந்ததே இல்லை. கடை வாசலில் காரை நிறுத்தியதும் அதைத் தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றி என்னிடம் தந்தார்.