சாம்பல் கொட்டிக் கிடந்த இடம்

யுத்தம் வந்ததால் எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் வயிறாரச் சாப்பிட்டோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. கூப்பனில் கிடைக்கிற பெட்ரோலை வைத்துக்கொண்டு சிதம்பரத்தின் நாலு வீதியைச் சுற்றி வரலாமே தவிர, கடலூர் போய்த் திரும்ப முடியாது. அதனால் பஸ் முதலாளிகளும் கார் வைத்திருந்தவர்களும் வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டிக்கொண்டார்கள். அதில் சவுக்குக் கரியைப் போட்டு மூட்டி, கையால் சுற்றுகிற விசிறியால் ஊதினால் ஒரு வாயு கிளம்பும். பெட்ரோல் இல்லாமல் அந்த வாயுவிலேயே வண்டி ஓடும். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர்.

எங்கள் வீட்டுக்காரர் அதைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் கெட்டிக்காரர். என் அண்ணன் அதை விற்பதில் கெட்டிக்காரன். அவன் வாயைத் திறந்தால் வண்டியே இல்லாதவன்கூட காஸ் பிளாண்ட் என்ன விலை என்று கேட்பான். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்தில் இருந்த எங்கள் கரும்புக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் சிதம்பரம் வந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் கூட்டுத் தொழில் என்று முடிவாயிற்று. எங்கே கடை போடுவது என்பதில்தான் தகராறு.

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் போவார், வருவார். ஒரு வாரம் இதே வேலை. கேட்டால் பதில் வராது. ஒருநாள் வேட்டி ஓரமெல்லாம் சாம்பலாக வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார். கரி வண்டி சிதம்பரத்திலிருந்து கிளம்பினால் பாதி ரோட்டுக்குத்தான் ஒழுங்காக இழுக்கும். அப்புறம் டிரைவர் நிறுத்தி, சாம்பலைச் சுரண்டிக் கொட்டி, வடிகட்டியைத் துடைத்து, புதுக் கரி போட்டாக வேண்டும். கடலூரிலிருந்து வருகிற வண்டிக்கும் அதே கதிதான். இரண்டு பக்கத்து வண்டிகளும் நிற்கிற இடம் புதுச்சத்திரத்துப் புளியமரத்தடி. அங்கே சாம்பல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. பட்டறையை அங்கேதான் போட வேண்டும் என்றார்.

அண்ணன் சிரித்தான். சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"சாம்ப கொட்டிக் கெடக்குற எடத்துல எவன் வந்து சாமான் வாங்குவான் மாப்ளே? கார் வச்சிருக்குறவன் கோயிலுக்குத்தான் வருவான். கடை கீழ வீதியில இருந்தாதான் அவன் கண்ணுல படும்."

"வாங்குறவன் கண்ணுல பட்டா போதுமா மச்சான்? வாங்குனது நடுரோட்டுல நின்னுதுன்னா அவன் யாரைத் தேடிப் போவான்? நீ கடையை எங்க வேணும்னாலும் வையி. பட்டறையை மட்டும் புதுச்சத்திரத்துல வச்சுடுவோம்."

இரண்டு வாடகை கட்டி வராது, இப்போதைக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும், கை கொஞ்சம் தேறியதும் பட்டறையைத் தனியாகப் போடலாம் என்று அண்ணன் பேசி முடித்துவிட்டான். இப்போதைக்கு என்று ஆரம்பித்த எந்தக் காரியம் லேசில் மாறியிருக்கிறது? கீழ வீதியில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு கட்டடம் பிடித்தார்கள். முன்பக்கம் கடை, உள்ளே பட்டறை. ஒரு கார் நேராக உள்ளே வந்து நிற்கும். ராத்திரி பூட்டுவதற்கு வாசல் நெடுக வரிசையாகப் பலகைகள். பின்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகப் புகை வருகிறது, மடிப் புடவையெல்லாம் கரியாகிறது என்று பின்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அண்ணன் வம்பே வேண்டாம் என்று செங்கல் வைத்து ஜன்னலை அடைத்துவிட்டான். 

நெருப்பு மூட்டும்போது வண்டியின் பின்பாகத்தைத் தெருவில் தள்ளி வைத்துக்கொள்வார் எங்கள் வீட்டுக்காரர். மூடின ஷெட்டுக்குள் மூட்டாதே, தலை சுற்றும், ஆளையே சாய்த்துவிடும் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் சொல்லி அனுப்புவார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்த வருஷம் மார்கழித் திருவிழாவில் சாமி புறப்பாடு கீழ வீதிக்கு வரும்போது எங்கள் கடை வாசலில் கொஞ்சம் நின்று தீபாராதனை ஆக வேண்டும் என்று அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். பக்தி உண்டுதான். ஆனால் சாமி எங்கே நிற்கிறதோ அங்கே ஊரே நிற்கும், ஊர் நின்றால் கடையைப் பார்க்கும் என்ற கணக்கும் அதில் உண்டு. வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, வாசலை அலம்பிக் கோலம் போட்டது நான்.

புறப்பாடு அன்று காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்து வக்கீல் ஒருவர் தரிசனத்துக்கு வந்தவர், காரை எங்களிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார். வண்டி வழியெல்லாம் இழுக்கவில்லையாம். மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் பழுது பார்த்து, நெருப்பு மூட்டி, வாயு கிளம்புகிற நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. நினைத்ததைவிடச் சீக்கிரமே சாமி கீழ வீதிக்குள் திரும்பிவிட்டது. வாசலில் கார், பின்னால் குபுகுபுவென்று புகை.

சாமிக்கு எதிரே கரிப்புகை விடுவதா? அண்ணன் பதறிப்போனான். இவரும்தான் பதறினார். இரண்டு பேருமாக வண்டியை உள்ளே தள்ளினார்கள். நெருப்பை அணைத்தால் திரும்ப மூட்ட வெகுநேரம் ஆகும், வக்கீல் வந்து நிற்பார். அப்படியே விட்டுவிட்டு வெளியே வரவும் முடியாது, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பலகையைப் போட்டுடு மச்சான். சாமி போற வரைக்கும்தானே. நான் உள்ள இருந்து பாத்துக்குறேன்" என்றார். அவர் சரியாகப் பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சாமி ஒரு வாசலில் எவ்வளவு நேரம் நிற்கும்? தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினால் நகர்ந்துவிடும். ஆனால் அன்றைக்கு நகரவில்லை. அண்ணன் செய்த ஏற்பாடு அப்படி. நாகஸ்வரக்காரர் நிதானமாக ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டார். ஊரே நின்று கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "இந்த வருஷம் ஒங்க வாசல்லதான் சாமி ஜாஸ்தி நேரம் நிக்குது" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இவரும் வெளியே வந்து பார்க்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அவருக்கும் நடுவே அந்தப் பலகைதான் இருந்தது.

சாமி போன பிறகு விபூதியைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணன் பலகையைக் கழற்றினான். இவர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கிடந்தார். முகம் வெளுக்கவில்லை, நன்றாகச் சிவந்திருந்தது. அதனால் முதலில் அசந்து தூங்குகிறார் என்றே நினைத்தோம்.

வெளியே இழுத்துப் போட்டுக் காற்று விசிறினார்கள். மூச்சு இருந்தது, முழிப்பு வரவில்லை. மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னார். வக்கீல் நல்லவர், தன் காரைக் கொடுத்தார். இவர் மூட்டி வைத்த அதே நெருப்பில்தான் அந்தக் கார் ஓடியது. புதுச்சத்திரம் வந்ததும் இழுவை குறைந்து, புளியமரத்தடியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிச் சாம்பலைச் சுரண்டினார், வடிகட்டியைத் தட்டினார், கரி போட்டார், ஊதினார். வண்டி கிளம்புகிற வழியாக இல்லை. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைச் சரி செய்யத் தெரிந்த ஒரே ஆள் என் மடியில் தலை வைத்துக் கிடந்தார். சுற்றிலும் சாம்பல். அந்த மரத்தடியில் நான் அழுத அழுகையை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

வெகுநேரம் கழித்துக் கடலூர் போகிற பஸ் ஒன்று வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. பிழைத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் சாமி புண்ணியம் என்றார்கள். பிழைத்தது உடம்புதான். என்னைத் தெரியும், சாப்பிடத் தெரியும், வேட்டி கட்டத் தெரியும். காலையில் நடந்தது சாயங்காலம் நினைவிருக்காது. ஸ்பானரைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். கூப்பிட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் கீழ வீதிக் கடையை ஏறக்கட்டிவிட்டு, கேட்காமலே எங்களுக்கு அரிசி அளந்தான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒரே அடியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன். கொஞ்ச நாளில் புதுச்சத்திரத்தில் பட்டறை போட்டான். நாலு கால், மேலே பனையோலை. ஒரு பக்கம்கூடச் சுவர் வைக்கவில்லை. போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் அங்கே நின்றன. பக்கத்திலேயே டீக்கடையும் வந்துவிட்டது. தேடினாலும் கிடைக்காத இடமாகப் பிடித்தாரே என்று பஸ் முதலாளிகள் அண்ணனைப் புகழ்ந்தார்களாம். அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காட்டுவதற்காக இவரை அவ்வப்போது பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். அந்தப் பட்டறை வாசலில் பஸ் நிற்கும். எல்லோரும் டீ குடிக்க இறங்குவார்கள். நாங்கள் இறங்குவதில்லை. அண்ணன் தூரத்தில் நின்று பார்ப்பான், கிட்டே வரமாட்டான். ஒருநாள் இவர் ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் மேட்டைப் பார்த்தார், சுவரில்லாத கொட்டகையைப் பார்த்தார், இரண்டு பக்கமும் நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"நல்ல எடமா பாத்துதான் வச்சிருக்கான். யாரு பாத்தது புள்ள?" என்றார்.

"நீங்கதாங்க பாத்தீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போ புள்ள. எனக்கு வண்டியைப் பத்தி என்னா தெரியும்?"