ஸ்டிக்கர் வராததால் பூட்டிக் கிடந்த ஆறு மழைத் தொட்டிகள்: சிவகாசி, ஏழாயிரம்பண்ணை ஒரு நாள் பயணம்

நான் நர்ஸ். பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவின் மருத்துவமனையில் நான்கு வருடமாக வேலை. சொந்த ஊர் மல்லாங்கிணறு. ஏப்ரல் விடுமுறைக்கு வந்தவள், அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடக்க வேண்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, வயிற்றெரிச்சலோடு சிவகாசிக்கு அலைந்தேன். தீவு நாட்டின் பெயரையும், அங்கே உதவுகிறோம் என்று வருகிற பெரிய நாடுகளின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் என் சீட்டு கிழிந்துவிடும்.

எங்கள் தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. கடல் ஏறி ஏறிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. கூரையில் விழும் மழையைப் பிடித்தால்தான் குடிதண்ணீர். போன வருடம் ஒரு பெரிய நாடு ஆறு பிளாஸ்டிக் தொட்டிகளைக் கப்பலில் அனுப்பியது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பக்கத்தில் நிறுத்தி, மூடியில் பூட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். ஏன் பூட்டு? அந்த நாட்டின் சின்னம் போட்ட ஸ்டிக்கர் இன்னும் ஒட்டவில்லையாம். ஸ்டிக்கர் இல்லாமல் தூதர் வந்து படம் எடுக்க முடியாது. படம் எடுக்காமல் தொட்டியை ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்காமல் சாவி தர முடியாது. மழைக்காலம் முழுக்கக் கூரைத் தண்ணீர் மணலில் ஓடியது. தொட்டிக்குப் பக்கத்திலேயே நான் பிளாஸ்டிக் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

விடுமுறையில் இருந்தபோது என்னோடு வேலை பார்க்கும் தெரேசியா செய்தி அனுப்பினாள். இந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு மூன்று மழைதான் மிச்சம், அதையும் விட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். கூடவே, ஸ்டிக்கர் இந்தியாவில் சிவகாசி என்ற ஊரில் அச்சாகிறதாம், உனக்குத் தெரியுமா என்றும் கேட்டிருந்தாள். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தலைநகரில் இருக்கும் திட்ட அதிகாரிக்கு நானே எழுதினேன். ஸ்டிக்கர் கட்டோடும் அச்சக பில்லோடும் ஒரு படம் அனுப்பினால் அன்றே சாவியைக் கொடுத்துவிடுவதாக, அச்சகத்தின் பெயரோடு பதில் வந்தது. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே மாலை நாலரை. அதற்குமேல் அவர் ஆபீசில் இருக்கமாட்டார்.

மல்லாங்கிணற்றிலிருந்து 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. விருதுநகர் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்கு 28 ரூபாய், முக்கால் மணி நேரம். காலையில் கம்பெனி ஆட்கள் ஏறுவதால் உட்கார இடம் கிடைக்காது. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன்.

"எந்தப் பிரஸ்ஸுக்குக்கா? இங்கன தெருவுக்கு நாலு கெடக்கு," என்றார் ஆட்டோக்காரர். பெயரைச் சொன்னதும் 80 ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை, நேரமில்லை.

அச்சக மேனேஜர் நல்ல மனிதர். தீவு மருத்துவமனை நர்ஸ் என்றதும், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டபடி எழுந்து வந்தார். "வாங்க சிஸ்டர், உக்காருங்க. டீ சாப்பிடுதீகளா?" என்றார். ஸ்டிக்கர் வேண்டும் என்றேன். மூலையைக் காட்டினார். லேமினேஷன் போட்டு, வெட்டி, கட்டுக்கட்டாகச் சணல் சுற்றி வைத்திருந்தது. மணி 9.20. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்தேன்.

"அது இனிமே ஆகாது சிஸ்டர்," என்றார். "ஆர்டர் கேன்சல், நேத்துத்தான் மெயில் வந்துச்சு. உங்க தீவு கவர்மெண்டு அந்த நாட்டை விட்டுட்டு எதிர்த்த நாட்டோட சேந்துருச்சாம்லா. தொட்டித் திட்டத்தையும் அவுகளே எடுத்துக்கிட்டாக. இந்தா, புது டிசைன்."

கம்ப்யூட்டரில் காட்டினார். வேறு கொடி, வேறு சின்னம், கீழே 'நட்பின் அன்பளிப்பு' என்று ஆங்கிலத்தில். அளவு மட்டும் ஒன்றரை மடங்கு.

"இம்புட்டுப் பெருசா எதுக்கு அண்ணாச்சி?"

"தலைநகர்ல கொஞ்சம் தொட்டில, மொதல்ல அனுப்புன பழச ஏற்கெனவே ஒட்டிட்டாகளாம். அதை மூடணுமாம்."

"எப்ப ரெடியாகும்?"

"அங்கருந்து அப்ரூவல் வரணும். எப்படியும் ஒரு மாசம் ஆகும். எங்களுக்கென்ன, ரெண்டு ஆர்டர். உங்க பாடுதான் கஷ்டம்."

பழைய கட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பித்தான் பார்த்தேன். 'இது பழைய நண்பருடையது, செல்லாது' என்று ஒரே வரியில் பதில். பழைய நண்பராம். தொட்டி அதே தொட்டி. மழை அதே மழை. தாகத்தில் கிடக்கிற பிள்ளைகளும் அதே பிள்ளைகள். எவன் பெயர் போட்டுக் குடிக்க வேண்டும் என்பதில்தான் இவர்களுக்குச் சண்டை. ஒருவன் படகுத்துறை கட்டுகிறான், மற்றவன் விளையாட்டு அரங்கம் கட்டுகிறான். எங்கள் தீவை அரை மணியில் நடந்து முடித்துவிடலாம், அதைச் சுற்றியிருக்கும் கடலோ கண்ணுக்கெட்டாதது. அந்தக் கடலும் மீனும் உலக சபையில் ஒரு ஓட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். பிள்ளைகளின் தொண்டை நனைந்தால் என்ன, காய்ந்தால் என்ன? மேனேஜர் மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பாவம், அவர் இன்னொரு டீ சொன்னார்.

சும்மா வீடு திரும்பப் பிடிக்கவில்லை. ஏழாயிரம்பண்ணையில் பள்ளித் தோழி செல்வி இருக்கிறாள், பட்டாசுக் கம்பெனியில் வேலை. சிவகாசியிலிருந்து பஸ் 22 ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியெல்லாம் கரிசல் காடும் சீமைக்கருவேலமும், நடுநடுவே தகரக் கூரை போட்ட கம்பெனிகளும். அவள் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருந்தேன். வேலை முடிந்து ஐந்து மணிக்கு வேனில் வந்து இறங்கினாள். கையெல்லாம் வெள்ளி மருந்து.

"ஏட்டி, எளச்சுப் போயிட்டியே. அங்கன சோறே கெடையாதா?" என்றாள். தண்ணீரே கிடையாது என்று நடந்ததையெல்லாம் கொட்டினேன். கேட்டுவிட்டு என்னைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீல நிறத்தில் புதுக் குடிநீர் நிலையம், ஏதோ கம்பெனி கட்டிக் கொடுத்தது. கல்வெட்டைச் சாக்கால் மூடியிருந்தார்கள். வாசலில் சிவப்பு ரிப்பன்.

"யாரு பேரு மொதல்ல போடணும்னு சண்டை. தொறப்பு விழா தள்ளிக்கிட்டே போவுது," என்றாள். பிறகு ரிப்பன் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். குடத்தில் தண்ணீர் விழுந்தது. பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள்.

"தெனமும் காலைலயும் சாயங்காலமும் பிடிச்சுக்கிடுவோம். அப்பறம் ரிப்பனை முன்ன மாதிரியே கெட்டிருவோம். அவுக என்னைக்கு வந்தாலும் வெட்டிக்கிடட்டும், யாரு வேண்டாம்னா? நீ என்னடான்னா பூட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. படிச்சவதான நீ?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. நாலு மாதம் அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் வாளி வைத்து நின்ற என்மேல். சாத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தெரேசியாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்: உடை. ஸ்டிக்கர் வரும்போது வரட்டும்.

மறுநாள் காலை குரல் செய்தியாகவே பதில் வந்திருந்தது. படகு நங்கூரத்தால் அடித்து இரண்டு பூட்டை உடைத்து, கூரைக் குழாயை மாட்டிவிட்டார்களாம். அன்றைக்கே மழையும் பெய்திருக்கிறது. பேச்சு முடிந்ததும் வெறும் தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் சத்தத்தைப் பிடித்து அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

மூன்றாம் நாள் தெரேசியாவுக்கு மெமோ. திட்டச் சொத்தைச் சேதப்படுத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். நான்தான் சொன்னேன் என்று அதிகாரிக்கு எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறேன், போய் இறங்கும்போது வேலை இருக்குமா தெரியாது.

சிவகாசி போகிறவர்களுக்கு: அச்சக வேலை என்றால் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், பிறகு மேனேஜர்களைப் பிடிக்க முடியாது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து திரும்பும்போது சாத்தூரில் காராச்சேவு வாங்காமல் வராதீர்கள். பசிபிக் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு: தொட்டியில் இருக்கும் கொடியைப் படமெடுத்துப் போடுவதற்கு முன் அதைத் தட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று.

இன்னொன்று. சுத்தியலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். தெரேசியா நேற்று அனுப்பிய செய்தியில் மெமோவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு தொட்டியும் நிரம்பிவிட்டது, மேகம் இன்னும் நிற்கிறது, மிச்சம் நாலு பூட்டும் கெட்டிப் பூட்டு, வரும்போது நல்ல சுத்தியலாக ஒன்று வாங்கிக்கொண்டு வா என்று எழுதியிருக்கிறாள். விருதுநகர் பஜாரில் 340 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன்.