உயிருள்ள மருந்து

தேயிலை மலையில் கொழுந்து எடுத்த பெண்களுக்கு மூத்திரத்தை அடக்கத் தெரியும். காலையில் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், கொழுந்தை நிறுக்க இறங்கும்வரை ஒதுங்க இடம் கிடையாது. மேலே கங்காணி நிற்பார். கீழே ரோட்டில் லாரி போகும். நடுவில் அட்டைப்பூச்சி. அதனால் தண்ணீரைக் குறைத்துக் குடிப்போம். தலை நரைக்கும்வரை நான் அப்படித்தான் இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அதனால்தான் மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், தமிழ் மிஸ்ஸி, கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"மருந்தை உள்ள விட்டதும் ரெண்டு மணி நேரம் அடக்கி வச்சிருக்கணும். முடியுமா பாட்டி?"

"ரெண்டு மணியா? சாயந்திரம் வரைக்கும் வச்சிருக்கேன் லா."

கூட வந்திருந்த மருமகள் என் கையைக் கிள்ளினாள். "அத்தை, இங்க போட்டி ஒண்ணும் நடக்கல."

அதற்குச் சில மாதம் முன்பு எனக்கு மூத்திரம் ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் மாதிரி சிவப்பாகப் போனது. வலி இல்லை. வலி இல்லாததை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? மருமகள்தான் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். மூத்திரப் பையில் புற்று என்றார்கள். குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். ஆனால் இது திரும்பத் திரும்ப முளைக்கிற சாதி, அதனால் வாரம் ஒரு தடவை குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விடுவோம், அதற்கும் அடங்கவில்லை என்றால் பையையே எடுத்துவிட்டு வயிற்றில் வெளியே ஒரு பை மாட்ட வேண்டிவரும் என்றார் டாக்டர். முதுகில் கூடை சுமந்தவள் நான். இந்த வயதில் வயிற்றில் பையைச் சுமக்கவா? அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருந்தோடு வந்த மிஸ்ஸியைப் பார்த்து அசந்துபோனேன். கையுறை, முகமூடி, மேலே ஒரு நீள அங்கி.

"என்னம்மா, மலைக்கு மருந்தடிக்கப் போறவங்க மாதிரி வர்றே?"

"இது உசிரோட இருக்கிற மருந்து பாட்டி. மேல சிந்திடக் கூடாது."

"மருந்துக்கு ஏது உசிரு?"

அவள் நின்று சொன்னாள். பிறந்த பிள்ளைக்குக் கையில் குத்துகிறார்களே டிபி ஊசி, அதில் இருக்கிற அதே கிருமிதான். எனக்கு அளவு அதிகம். மாட்டுக்கு வருகிற காசநோய்க் கிருமியைப் பல வருடம் வளர்த்து வளர்த்து வலுவைக் குறைத்து எடுத்தது. "அது உள்ள போனதும் ஒங்க ஒடம்பு முழிச்சுக்கும். அதை வெரட்ட வர்ற கூட்டம் புற்றையும் சேர்த்து அடிக்கும்."

நான் படுத்துக்கொண்டேன். எங்கள் லயத்து வீடுகளில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் அக்காவுக்கு அது வந்தபோது அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. ஒரு நாள் கம்பளியைச் சுற்றி எஸ்டேட் லாரியில் ஏற்றினார்கள். கீழே போனவள் திரும்பி வரவில்லை. மாடுகளோ என் சொந்த மாடுகள். லயத்துக்குப் பின்னால் கட்டி, பால் கறந்து பிள்ளைகளை வளர்த்தேன். அக்காவைக் கொண்டுபோன நோயின் சொந்தக்காரன், மாட்டிடமிருந்து வந்து, பல் பிடுங்கப்பட்டு, என்னைக் காப்பாற்ற என் வயிற்றுக்குள் போகிறான். இதை யார் கண்டுபிடித்தார்களோ. அவர்கள் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். அவருக்கும் அதே மருந்து. ஒரு மணி நேரத்திலேயே நெளிய ஆரம்பித்து, கடைசியில் கால்களைப் பின்னிக்கொண்டு கடிகாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நேரம் ஆச்சு பாட்டி, போங்க," என்றாள் மிஸ்ஸி.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே. கூட நேரம் இருந்தா கூட வேலை செய்யும்ல?"

அவள் முகம் மாறியது. "ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடவே கூடாது. புற்றை அடிக்க விட்டது ஒங்களையே அடிக்கும். எழுந்திரிங்க!"

வாழ்க்கையில் முதல் தடவையாக, அடக்கியதற்காகத் திட்டு வாங்கினேன்.

வீட்டிலும் சட்டம் உண்டு. அன்று சாயந்திரம்வரை ஒவ்வொரு தடவை போனதும் பிளீச் ஊற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். பிறகுதான் தண்ணீர் அடிக்கலாம். கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நான் கக்கூஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். என் மகன் துண்டோடு வந்து நிற்பான்.

"அம்மா, அவசரம்மா."

"உள்ள கிருமி சாகுது. நில்லு."

"அது சாகறதுக்குள்ள நான் செத்துடுவேன் போல!"

மூன்றாவது வாரம் குழாய் உள்ளே போகும்போது சுருக்கென்றது. மிஸ்ஸி குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு ரத்தம். மருந்து பக்கத்திலேயே தயாராக இருந்தது. அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாம் பாட்டி."

"ஒரு சொட்டு தானேம்மா? செடி வெட்டுற கவாத்துக் கத்தி பட்டா இதைவிடக் கூட வரும்."

மருமகள் சண்டைக்குப் போனாள். "என்னா மிஸ்ஸி, மலைல கியா பார்ம் கடை வேலைக்கு லீவு போட்டுட்டு, காய்கறி லாரில ஏறி வந்திருக்கோம். சும்மா போகச் சொல்றீங்க?"

டாக்டர் வந்து பார்த்தார். அவரும் அதையேதான் சொன்னார். காயம் இருந்தால் அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவிவிடும். ஆறட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்.

திரும்பும்போது லாரி காலியாக இருந்தது. வளைவுக்கு வளைவு காலிக் கூடைகள் பின்னால் உருண்டன. எனக்கு வயிற்றில் பை தொங்குவது கண்ணில் தெரிந்தது. ஒரு வாரம் தள்ளிப்போனால் புற்று முளைத்துவிடாதா? மருமகள் முகத்தைத் திருப்பி அழுதாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திரிங்காப் தாண்டியதும் மலையில் கவாத்து வெட்டிய ஒரு பகுதி தெரிந்தது. செடியெல்லாம் மொட்டை மொட்டையாக. வெட்டிய வாய் ஆறும்வரை அந்தப் பக்கம் மருந்து டின்னைக்கூடக் கொண்டுவர விடமாட்டார் எங்கள் பழைய கங்காணி. அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது. அந்தச் சின்னப் பெண் தயாரான மருந்தைத் தள்ளி வைத்தாளே, அதுவும் வைத்தியம்தான்.

அடுத்த வாரம் மூத்திரம் தெளிவாக இருந்தது. மருந்து விட்டார்கள். சாயந்திரம் குளிர் எடுத்தது. மருமகள் காய்ச்சல் பார்க்கிற கருவியோடு பக்கத்திலேயே இருந்தாள். காய்ச்சல் ஏறினாலோ இறங்காவிட்டாலோ உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். காலையில் நன்றாக இருந்தது. மிச்ச வாரங்களும் முடிந்தன.

பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற நாள். டாக்டர் டிவியை என் பக்கம் திருப்பினார். இளஞ்சிவப்பாக ஒரு குகை. கொழுந்து இலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியுமே நரம்பு, அந்த மாதிரி மெல்லிய சிவப்புக் கோடுகள். இத்தனை வருடம் நான் பூட்டிப் பூட்டி வைத்த இடம் இதுதான். ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். நானும் கூடவே தேடினேன்.

"இப்போதைக்குச் சுத்தமா இருக்கு பாட்டி. திரும்ப வந்து பாக்கணும், மருந்தும் விட்டு விட்டுப் போடணும். ஆனா ஒங்க பை ஒங்களோடதான் இருக்கும்."

மலை ஏறும்போது கோலா தெர்லாவில் பாய் கடை தெரிந்தது. அங்கே கக்கூஸ் உண்டு. லாரியை நிறுத்தச் சொன்னேன்.

லாரிக்காரத் தம்பி சிரித்தான். "என்ன பாட்டி, இன்னும் கொஞ்ச தூரம்தானே? அடக்க முடியலையா?"

"முடியும். எதுக்குடா அடக்கணும்?" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.